டிஸ்க்கின் வெப்பநிலையைக் கெர்னல் வழியே தருவது: லினக்ஸ் டிரைவ்டெம்ப், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஹார்ட் டிஸ்க் இந்த நிமிடம் எத்தனை டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கிறது? பதில் டிஸ்க்கின் உள்ளேயே இருக்கிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அந்த டிஸ்க்கோடு ஓயாமல் பேசிக்கொண்டும் இருக்கிறது. இருந்தும், 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 வெளிவரும்வரை, சாட்டா இணைப்பில் ஓடும் டிஸ்க்கின் வெப்பநிலையை ரூட் உரிமை (கணினியின் மீதான முழு அதிகாரம்) இல்லாத ஒரு செயலி கெர்னலிடம் நேரடியாகக் கேட்டு வாங்க வழி இல்லை. அந்தப் பதிப்பில் சேர்ந்த டிரைவ்டெம்ப் என்ற சின்ன டிரைவரை (சாதனத்தோடு பேசும் கெர்னல் நிரல்) பற்றித்தான் இந்த ஆய்வு.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு கோப்பு, அதற்குள் ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் ஓர் எண்ணை வெளியே வைக்கும் கெர்னல் அதன் பொருளுக்கும், அலகுக்கும், அது இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கும், யார் படிக்கலாம் என்பதற்கும் பொறுப்பேற்கிறது. டிரைவருக்கு மட்டுமே தெரிந்த தகவலைச் செயலிகளுக்குக் கொடுக்க நினைக்கும் எவரும் இந்த டிரைவரின் கதையை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன்.

முன்பு இருந்த நிலை

டிஸ்க் வெப்பநிலையைப் படிக்கும் கருவிகள் பல வருடங்களாகவே இருந்தன. ஹெச்டிடிடெம்ப் ஒன்று, ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பின் ஸ்மார்ட்சிடிஎல் இன்னொன்று. இரண்டும் ஒரே பாதையில்தான் போயின. ஏடிஏ கட்டளையை (இந்த டிஸ்க்குகள் புரிந்துகொள்ளும் மொழி) செயலியே கட்டமைத்து, எஸ்ஜி_ஐஓ என்ற ஐஆக்டில் (செயலி கெர்னலிடம் நேரடியாக வைக்கும் கோரிக்கை) மூலம் கெர்னலிடம் கொடுத்து, "இதை அப்படியே டிஸ்க்குக்கு அனுப்பு" என்று சொல்லும் பாதை. உள்ளே என்ன கட்டளை இருக்கிறது, திரும்பி வரும் பைட்டுகளுக்கு என்ன பொருள் என்பது பற்றிக் கெர்னலுக்கு அக்கறை இல்லை.

இந்தப் பாதையில் வெப்பநிலையைக் கேட்கலாம். டிஸ்க்கை முழுவதுமாக அழிக்கும் கட்டளையையும் இதே பாதையில் அனுப்பலாம். அதனால் சாதாரணப் பயனருக்கு அனுமதிக்கப்பட்ட சில கட்டளைகளின் பட்டியலைக் கெர்னல் வைத்திருக்கிறது. இப்படி அப்படியே கடத்தும் ஏடிஏ பாஸ்-த்ரூ கட்டளை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ரூட் உரிமை வேண்டும். வெறும் 36 டிகிரி என்று தெரிந்துகொள்ள, டிஸ்க்கையே அழிக்கக்கூடிய உரிமையைக் கையில் வாங்கியாக வேண்டிய நிலை.

இதைச் சமாளிக்க ஹெச்டிடிடெம்ப் ஒரு டீமனாகவும் (பின்னணியில் ஓடும் செயலி) ஓடியது. ரூட் உரிமையோடு உட்கார்ந்துகொண்டு, 7634 என்ற போர்ட்டில் யார் இணைந்தாலும் ஒரே வரியில் பதில் சொல்லும்: டிஸ்க்கின் பாதை, மாடல் பெயர், எண், அலகுக்கு ஓர் எழுத்து, இடையே செங்குத்துக் கோடுகள். பல கண்காணிப்புச் செயலிகள் அந்த வரியைப் பிரித்துப் படித்தன. ஓர் இயங்குதளம் தன் சொந்தச் சாதனத்தின் வெப்பநிலையைத் தன் சொந்தச் செயலிக்குச் சொல்ல நெட்வொர்க் போர்ட் வழியாகச் சுற்றி வரவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. ஸ்மார்ட் தரவு, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு, 512 பைட் கொண்ட ஒரு தொகுதியாக வரும். அதில் 30 பண்புகளுக்கு இடம், ஒவ்வொன்றும் 12 பைட். வெப்பநிலை பெரும்பாலும் 194-ஆவது எண் கொண்ட பண்பில் இருக்கும். சில டிஸ்க்குகளில் 190-இல் இருக்கும். எந்தப் பண்பு எண்ணுக்கு என்ன பொருள் என்பதை ஏடிஏ தரநிலை நிர்ணயிக்காமல் தயாரிப்பாளர்களிடமே விட்டுவிட்டது. அதனால்தான் ஹெச்டிடிடெம்ப், எந்த மாடலுக்கு எந்த எண், செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று தனக்கென ஒரு தரவுக் கோப்பையே சுமந்து திரிந்தது. புது மாடல் வந்தால் யாராவது உட்கார்ந்து புது வரி சேர்க்க வேண்டும்.

மூன்று முயற்சிகள்

இந்த வேலையைக் கெர்னலுக்குள் கொண்டுவரும் முயற்சி 2020-இல் திடீரென்று முளைத்ததல்ல. டிரைவ்டெம்பின் மூலநிரல் தலைப்பிலேயே முன்னோடிகளுக்கு நன்றி இருக்கிறது: 2009 செப்டம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட ஒரு டிரைவர், 2018-இல் லீனஸ் வாலேய் எழுதிய இன்னொன்று. வன்பொருள் கண்காணிப்புப் பகுதியின் பராமரிப்பாளர் குன்டர் ரோக் 2019-இல் எழுதியதுதான் கடைசியில் உள்ளே போனது. முதல் முயற்சிக்கும் இணைப்புக்கும் இடையே பத்து வருடத்துக்கு மேல்.

இப்படிப்பட்ட எல்லா முயற்சிகளுக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: பயனர் பக்கத்துக் கருவியே படித்துவிடும்போது கெர்னலுக்கு இதில் என்ன வேலை? நியாயமான கேள்வி. கெர்னலுக்குள் போகும் ஒவ்வொரு வரியும் காலகாலத்துக்குமான பாரம். ரோக் தன் பேட்ச்சோடு (சமர்ப்பித்த நிரல் மாற்றத்தோடு) மூன்று காரணங்களைச் சொன்னார். பழைய கருவிகளுக்கு ரூட் உரிமை தேவை. சென்சார்ஸ், லிப்சென்சார்ஸ் போன்ற பொதுக் கருவிகளில் டிஸ்க் வெப்பநிலை தெரிவதில்லை. கெர்னலின் சொந்த வெப்ப மேலாண்மைப் பகுதிக்கும் அந்த எண் கிடைப்பதில்லை.

என்னைக் கேட்டால் மூன்றாவது காரணம்தான் வழக்கை வென்றது என்பேன். நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமித்துத் தரும் சின்ன நாஸ் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குக்குள் இருக்கும் சென்சாரைத் தவிர வேறு வெப்பமானியே இல்லாத பெட்டிகள் உண்டு. விசிறியை எப்போது வேகமாகச் சுற்றவிட வேண்டும் என்று கெர்னல் முடிவெடுக்க வேண்டுமானால், அந்த எண்ணைக் கெர்னலே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பயனர் பக்கத்து டீமன் செத்துப்போனால் விசிறி நின்றுவிடும் என்ற அமைப்பை யாரும் விரும்பமாட்டார்கள்.

எந்த வாசல்?

டிரைவர் தன் தகவலை வெளியே தர லினக்ஸில் பல வாசல்கள் உண்டு. புதிதாக ஓர் ஐஆக்டில் வைக்கலாம். அது ஒரு கட்டமைப்பை பைனரியாகக் கொடுக்கும். 32 பிட் செயலி 64 பிட் கெர்னலோடு பேசும்போது புலங்களின் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது தொல்லை. அதைவிட, ஒவ்வொரு செயலியும் இந்த டிரைவருக்கென்றே நிரல் எழுத வேண்டும். பிழைதேடலுக்கான கோப்பு அமைப்பான டீபக்எஃப்எஸ் எளிது. ஆனால் அது டிரைவர் எழுதுபவர் தனக்காக வைத்துக்கொள்ளும் இடம், ரூட் மட்டுமே நுழையும் இடம். செயலிகள் அதை நம்பிக் கட்டக்கூடாது.

டிரைவ்டெம்ப், வன்பொருள் கண்காணிப்புப் பகுதியான எச்டபிள்யூமான் வாசலைத் தேர்ந்தெடுத்தது. கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் எச்டபிள்யூமான் வகுப்பின் கீழ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் அடைவு. உள்ளே டெம்ப்1_இன்புட் என்ற கோப்பு. அதைத் திறந்து படித்தால் 36000 என்று வரும். ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு, அதுவும் எழுத்தாக. அலகு எப்போதும் மில்லி டிகிரி செல்சியஸ். இந்த மரபு ஏற்கெனவே மதர்போர்டு சிப்களுக்கும் சிபியுகளுக்கும் இருந்ததால், சென்சார்ஸ் கட்டளையிலும் டிஸ்க்குகள் தெரியத் தொடங்கின. "இது டிஸ்க்" என்று அந்தக் கட்டளைக்குத் தனியாகச் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை.

அதாவது, டிரைவருக்கே உரிய தகவலை டிரைவருக்கே உரிய வடிவத்தில் வெளியே தள்ளாமல், ஏற்கெனவே எல்லோரும் பேசும் மொழியில் சொல்லவைத்தார்கள். இந்த நிகழ்விலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். அதற்கு முந்தைய 5.5 பதிப்பில், சாட்டாவுக்குப் பதில் வேறு இணைப்பில் ஓடும் என்விஎம்இ டிஸ்க்குகளுக்கும் இதே வாசல் திறந்தது. என்விஎம்இ தன் வெப்பநிலையைக் கெல்வினில் சொல்லும். டிரைவர் அதிலிருந்து 273.15-ஐக் கழித்துக் கொடுக்கிறது. டிஸ்க் 310 என்று சொன்னால் கோப்பில் 36850 தெரியும். சாட்டா டிஸ்க்கில் கடைசி மூன்று இலக்கமும் சுழியம், என்விஎம்இ-யில் 850. இரண்டு சென்சாரும் முழு டிகிரியில்தான் அளந்து சொல்கின்றன. மில்லி டிகிரி என்பது அலகு மட்டுமே, துல்லியத்துக்கான வாக்குறுதி அல்ல. வரைபடம் போடும் செயலிகள் இதைக் கவனித்தால் 36.85 என்று தசமம் காட்டிப் பயனரை நம்பவைக்கும் தேவை இருக்காது.

தெரியாததைச் சொல்லும் விதம்

டிரைவ்டெம்ப் முதலில், டிஸ்க்கின் நிலையைக் கேட்கும் ஏடிஏ வசதியான எஸ்சிடி என்ற வழியை முயல்கிறது. இது தரநிலைக்குள் இருப்பது, பைட்டுகளின் இடமும் பொருளும் நிர்ணயிக்கப்பட்டவை. டிஸ்க்கில் அது இல்லாவிட்டால்தான் ஸ்மார்ட் பண்புகளுக்கு இறங்குகிறது: 194 இருந்தால் அது, இல்லையென்றால் 190. ஸ்மார்ட் தொகுதி வந்ததும் 512 பைட்டையும் கூட்டிச் சரிபார்க்கிறது. கூட்டல் தவறினால் எண்ணைத் தருவதில்லை.

எஸ்சிடி-யில் வெப்பநிலை ஒரே ஒரு பைட், குறி கொண்ட எண். சுழியத்துக்குக் கீழேயும் போகலாம். அதில் மைனஸ் 128 என்ற மதிப்புக்கு மட்டும் தனிப் பொருள்: "என்னிடம் எண் இல்லை." குறியைக் கவனிக்காமல் அதே பைட்டைப் படிக்கும் செயலிக்கு அது 128 டிகிரி. எச்சரிக்கை மணி அடித்துவிடும், சர்வரை அணைத்தும் விடும். டிரைவ்டெம்ப் இந்த மதிப்பைப் பார்த்தால் எந்த எண்ணும் தராமல், தரவு இல்லை என்ற பிழைக் குறியீட்டைத் திருப்புகிறது. இந்த ஒரு வரிச் சோதனையை முன்பு ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. எஸ்சிடி உள்ள டிஸ்க்குகள் தற்போதைய வெப்பநிலையோடு, அனுமதிக்கப்பட்ட அதிகபட்சம், குறைந்தபட்சம், அபாய எல்லை, இதுவரை தொட்ட உச்சம் ஆகியவற்றையும் சொல்லும். ஸ்மார்ட் மட்டும் உள்ள டிஸ்க்குகளில் அவை கிடையாது. அப்போது டிரைவர் என்ன செய்யவேண்டும்? அதிகபட்சக் கோப்பில் 0 என்று போடலாம். போட்டால், "இப்போதைய வெப்பநிலை அதிகபட்சத்தைத் தாண்டிவிட்டதா" என்று பார்க்கும் எந்தச் செயலியும் எப்போதும் ஆம் என்றே சொல்லும். டிரைவ்டெம்ப் அந்தக் கோப்பையே உருவாக்குவதில்லை. எச்டபிள்யூமான் அமைப்பில் ஒவ்வொரு கோப்பும் தெரியவேண்டுமா என்று டிரைவரைக் கேட்கும் ஒரு செயல்கூறு உண்டு. அதில் "வேண்டாம்" என்றால் கோப்பு இருக்காது. இல்லாத கோப்பை எந்தச் செயலியும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

யார் படிக்கலாம்?

டெம்ப்1_இன்புட்டை எல்லோரும் படிக்கலாம், யாரும் எழுத முடியாது. வெப்பநிலைதானே, என்ன ஆகிவிடும் என்று எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால் அதே 2020-இல் நடந்த இன்னொன்று, அப்படிக் கடப்பது எவ்வளவு ஆபத்து என்று காட்டியது.

இன்டெல் சிபியுகளில் எத்தனை ஆற்றல் செலவானது என்று எண்ணிச் சொல்லும் ரேப்பல் என்ற வசதி உண்டு. லினக்ஸ் அதை பவர்கேப் பகுதி வழியாக, மைக்ரோ ஜூல் அலகில், எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பாக வைத்திருந்தது. 2020 நவம்பர் 10 அன்று கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் மற்ற ஆய்வாளர்களும் பிளாட்டிபஸ் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். அந்த எண் ஏறி இறங்குவதை அடிக்கடி படித்து, எந்த ஆணைகள் ஓடுகின்றன, எந்தத் தரவு புரள்கிறது என்று ஊகித்து, மறைகுறியாக்கச் சாவிகளைக்கூட மீட்கலாம் என்று காட்டினார்கள். உடனே அந்தக் கோப்பு ரூட் மட்டும் படிக்கும்படி மாற்றப்பட்டது. மின்செலவைக் காட்டிக்கொண்டிருந்த பல சாதாரணச் செயலிகள் அன்றோடு வெறுங்கையாயின.

டிஸ்க் வெப்பநிலை அப்படிப்பட்டதல்ல. முழு டிகிரி படிகள், மெதுவாக நகரும் அளவு. அதில் ரகசியம் கசிய வழி மிகக் குறைவு. எனவே எல்லோருக்கும் திறந்தது சரி என்றே நினைக்கிறேன். டிரைவர் எழுதுபவர் முதலில் பார்க்கவேண்டியது, எண் எவ்வளவு நுணுக்கமானது, எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்பதைத்தான். "இது வெறும் அளவீடு" என்பது அனுமதி கொடுக்கப் போதுமான காரணம் அல்ல.

பிழை வெளியே வந்தபோது

பொறுப்பேற்பது என்றால் தவறும்போதும் சரியாகத் தவறவேண்டும். 2025 ஜனவரியில் திருத்தப்பட்ட ஒரு பிழையை இங்கே அருகில் போய்ப் பார்க்கலாம்.

டிரைவ்டெம்ப் டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்பப் பயன்படுத்தும் ஸ்கஸி (சேமிப்புச் சாதனங்களோடு பேசும் கெர்னல் பகுதி) செயல்கூறு மூன்று விதமாகத் திரும்பும். சுழியம் என்றால் வெற்றி. எதிர்ம எண் என்றால் லினக்ஸின் வழக்கமான பிழைக் குறியீடு. நேர்ம எண் என்றால் ஸ்கஸி தரப்பில் ஏதோ கோளாறு. டிரைவர் இந்த மதிப்பை அப்படியே எச்டபிள்யூமான் மையப் பகுதிக்குக் கொடுத்துவிட்டது. அந்தப் பகுதியோ எதிர்ம எண்ணை மட்டும்தான் பிழையாகப் பார்க்கும். விளைவு, டிஸ்க் கழன்றுபோனால் ஸ்கஸி நேர்ம எண்ணைத் திருப்பும், மையப் பகுதி அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும், இன்னும் எதுவும் நிரப்பப்படாத மாறியில் அந்த நேரம் கிடந்த குப்பை எண் வெப்பநிலையாகக் கோப்பில் அச்சாகும். திருத்தம் சிறியது: நேர்ம எண் வந்தால் அதை உள்ளீடு-வெளியீட்டுப் பிழையாக மாற்றித் திருப்பு.

டிரைவர் நுழைந்து ஐந்து வருடம் கழித்துத்தான் இது சரியானது. எல்லாம் நன்றாக நடக்கும்போது யாருக்கும் தெரியாது. டிஸ்க் கழன்ற கணத்தில், அதாவது கண்காணிப்புச் செயலி மிகவும் தேவைப்படும் கணத்தில், தவறான எண் போயிருக்கிறது. இரண்டு அடுக்குகள் "பிழை" என்பதை வெவ்வேறு விதமாகக் குறித்தால் இடையே நிற்கும் டிரைவர்தான் அதைச் சமன்செய்ய வேண்டும்.

அதே வருடம் இன்னொரு திருத்தமும் வந்தது. ஓய்வு நிலைக்குப் போகும் வழியில் நிறைய வேலை வந்து சேர்ந்தால் பதில் சொல்லத் தாமதிக்கும் ஒரு டிஸ்க் மாடலால், ஒரு வினாடி என்றிருந்த காத்திருப்பு எல்லை பத்து வினாடியாக உயர்த்தப்பட்டது.

திரும்பப் பெற முடியுமா?

வெளியே வைத்ததைப் பின்னால் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு போகோமிப்ஸ் கதை தெரிந்திருக்க வேண்டும். ப்ராக் அடைவின் சிபியுஇன்ஃபோ கோப்பில் ஒரு வரி அது. கெர்னல் தொடங்கும்போது தாமதச் சுழலை (வெறுமனே சுற்றி நேரம் கடத்தும் நிரல்) அளந்து கிடைத்த எண். ஆர்ம் வகை சிபியுகளுக்கான கெர்னல் நிரல் அந்தச் சுழலை விட்டு டைமரை நம்பத் தொடங்கியதும் அந்த எண்ணுக்குப் பொருளே போய்விட்டது. 2013-இல் எடுத்துவிட்டார்கள். எங்கோ ஓர் ஆடியோ நூலகம் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைக்காததால் "சிபியு மெகாஹெர்ட்ஸ் இல்லை" என்று பிழை சொல்லி நின்றுவிட்டது. பைதானில் ஆடியோ ஓடவில்லை. 2015 ஜனவரியில் அந்த வரி திரும்ப வைக்கப்பட்டது. பொருளற்ற எண் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரோ நம்பியிருந்தார்கள், அது போதும்.

எச்டபிள்யூமானில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஏஎம்டி சிபியுகளுக்கான கே10டெம்ப் டிரைவரில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் காட்டும் வசதியை ரோக்கே சேர்த்தார், பிறகு அவரே நீக்கினார். அந்த எண்களைத் தரும் சிபியு பதிவேடுகளுக்குப் பொது ஆவணம் இல்லை. எண்கள் தவறாக வந்தன, சரிசெய்யவும் வழியில்லை. பல பயனர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் கோப்புகள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதே இந்த வாசலின் முதல் நாள் ஒப்பந்தம் என்பதால் ஒழுங்காக எழுதிய செயலிகள் உடையவில்லை. பொருளுக்கு உத்தரவாதம் தர முடியாத எண்ணைக் காட்டாமல் இருப்பதே மேல் என்று அவர் எடுத்த முடிவை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

செயலி எழுதுபவர் பக்கம்

டிரைவ்டெம்ப் பல கணினிகளில் தானாக ஏறுவதில்லை. மோட்ப்ரோப் என்ற கட்டளையைக் கொடுத்து ஏற்றவேண்டும். ஏறிய பிறகு, எச்டபிள்யூமான்3 என்பது எப்போதும் அதே டிஸ்க் என்று நம்பக்கூடாது. அந்த எண் அடுத்த முறை கணினி தொடங்கும்போது மாறலாம். ஒவ்வொரு அடைவிலும் நேம் கோப்பைத் திறந்து டிரைவ்டெம்ப் என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். பிறகு டிவைஸ் இணைப்பின் கீழே பிளாக் அடைவுக்குப் போனால் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர் கிடைக்கும். அந்தப் பெயரும் மாறக்கூடியதே என்பதால், பல நாள் பதிவுகளை வைத்திருக்கும் செயலி டிஸ்க்கின் வரிசை எண்ணோடு பொருத்திச் சேமிப்பது நல்லது.

அப்புறம், இந்தக் கோப்பைப் படிப்பது இலவசமல்ல. டிரைவ்டெம்ப் பழைய எண்ணைச் சேமித்து வைத்துத் தருவதில்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் டிஸ்க்குக்கு ஒரு கட்டளை போகிறது. சில டிஸ்க்குகளில் அந்தக் கட்டளை, சுழற்சியை நிறுத்துவதற்கான காத்திருப்பு நேரத்தை மறுபடியும் முதலிலிருந்து எண்ணவைக்கிறது. ஒரு 12 டெராபைட் மாடலில் இது காணப்பட்டதைக் கெர்னல் ஆவணமே எழுதி வைத்திருக்கிறது. அதே மாடல் உறங்கிய பிறகு கேட்டால் எழுந்துகொள்ளாமலே வெப்பநிலையைச் சொல்கிறது என்பதும் அங்கே இருக்கிறது. மற்ற மாடல்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஆவணம் உறுதி தரவில்லை. பத்து நிமிடம் சும்மா இருந்தால் உறங்கும்படி அமைத்த இப்படிப்பட்ட டிஸ்க்கை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் செயலி இருந்தால் அது உறங்கவே உறங்காது. எனவே படிக்கும் இடைவெளியைப் பயனர் மாற்றும்படி வையுங்கள். முன்னிருப்பு மதிப்பை வினாடிகளில் வைக்காதீர்கள்.